கஷாயம் கொடுக்காத காலை

மந்த வயிற்றுக்கு என்ன கொடுப்பீர்கள் என்றுதான் நீங்கள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்கிறீர்கள். பயிற்சி முடித்து, சின்னதாக ஓர் அறை பிடித்து, பெயர்ப்பலகை மாட்டிய கையோடு இந்தக் கேள்வியுடன் வருகிறீர்கள். சுக்கு எவ்வளவு, காய்ந்த ஆரஞ்சுத் தோல் எவ்வளவு, பார்லியை வறுக்க வேண்டுமா, வறுத்தால் எந்த நிறம் வரைக்கும். இதெல்லாம் நீங்கள் படித்த இடத்திலேயே சொல்லியிருப்பார்கள். அந்தக் கஷாயத்தை ஒருத்திக்குக் கொடுக்காமல் விட்ட கதையைத்தான் நான் சொல்லப்போகிறேன். உட்கார்ந்து சொல்ல எனக்கு வராது. இதைப் பேச ஆரம்பித்தால் இப்போதும் எழுந்து நடக்கத்தான் கால் பரபரக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சித்த மருத்துவம் படித்தவள். கல்யாணமாகிக் கணவரோடு பினாங்கு போன பிறகு, நாங்கள் குடியிருந்த தெருவில் இருந்த சீன மருந்துக்கடையில்தான் சீன வைத்தியம் கற்றுக்கொண்டேன். முதலில் வாடிக்கையாளராகப் போனேன், பிறகு கூடமாட உதவிக்கு, அப்புறம் முறையாகவே படித்தேன். அவர்கள் மண்ணீரல் என்று சொல்வது அறுத்தெடுத்துத் தராசில் வைக்கிற உறுப்பை மட்டும் அல்ல. தின்றதை உடம்புக்குச் சத்தாக மாற்றுகிற வேலைக்கே அந்தப் பெயர். அந்த வேலை தளர்ந்தால் உடம்பில் ஈரம் தேங்குகிறது என்பார்கள். வயிறு உப்பும். கைகால் கனக்கும். நாக்கில் மாவு பூசினாற்போல் வெள்ளை படியும். தலையை ஈரத் துணியால் சுற்றியதுபோல் இருக்கும். நம் ஊரில் மந்தம் என்ற ஒரு சொல்லில் இதில் பாதி அடங்கிவிடும்.

2004-இல் ஊர் திரும்பி சிதம்பரத்தில் கிளினிக் வைத்தேன். சனிக்கிழமைகளில் கடலூரில் பார்த்தேன். 2012-இல் மூடும் வரைக்கும் அப்படித்தான் ஓடியது. பினாங்கில் கிடைத்த சரக்குகள் பல இங்கே கிடைக்காது. பைன் மர வேரில் விளைகிற வெள்ளைக் காளானுக்கு நான் சிதம்பரத்தில் எங்கே போவேன்? இங்கே உள்ளதை வைத்து, வறுத்த பார்லி, சுக்கு, பழைய ஆரஞ்சுத் தோல், ஓமம் என்று ஒரு கஷாயம் சேர்த்தேன். ஜனங்கள் அதற்கு சைனா கஷாயம் என்று பெயர் வைத்தார்கள். எனக்கு சைனா டாக்டர் என்று வைத்தார்கள். சேலை கட்டி, பூ வைத்து உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து, "சைனா டாக்டர் எப்ப வருவாங்க?" என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு.

அந்தக் கஷாயத்துக்கு ஊர் ஊராக விளம்பரம் செய்தவன் சகாயம். சிதம்பரத்துக்கும் குமராட்சிப் பக்கத்துக்கும் மினி பஸ் ஓட்டியவன். முப்பது வயதுதான், ஆனால் வந்தபோது வயிறு பானைபோல் உப்பி, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிற நிலையில் இருந்தான். கண்ட நேரத்தில் சாப்பாடு, நின்ற இடமெல்லாம் டீ, படுக்கப்போகும்முன் புரோட்டா. காலையில் சூடாக ஏதாவது சாப்பிட வைத்தேன், ஐஸ் தண்ணீரை நிறுத்தினேன், கஷாயம் கொடுத்தேன். தேறிவிட்டான். தேறியவன் சும்மா இருக்கவில்லை.

"வண்டில ஏறுறவங்க யாராச்சும் வயித்தத் தடவுனா போதும் டாக்டர், நேரா உங்க வாசல்ல எறக்கி உட்டுர்றேன்" என்று சிரிப்பான். உண்மையாகவே இறக்கிவிட்டான். வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கஷாயம் கேட்டது. எனக்கும் அதில் பெருமைதான். ஒரு மருந்து தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தால் நோயாளி வாயைத் திறப்பதற்கு முன்பே நம் கை அந்த டப்பாவைத் தேடிப் போகும். உங்களுக்கும் போகும். அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

2005 கார்த்திகையில் மழை விடவே இல்லை. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து குமராட்சிப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. சகாயத்தின் ஊர் ஜனங்கள் மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கினார்கள். சகாயம் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு, தொடை வரை சேற்றோடு என் கிளினிக் வாசலில் வந்து நின்றான்.

"எல்லாருக்கும் வயிறு கெட்டுக் கெடக்கு டாக்டர். ஈரத் துணி, ஈரத் தரை. பொட்டலச் சோறு வருது, ஆறிப்போயி வருது. ஒருத்தரும் ஒழுங்கா சாப்புடல. நீங்க ஒருவாட்டி வந்து பாத்துட்டா போதும்."

இரண்டு மூட்டைச் சரக்கோடு அவன் பஸ்ஸிலேயே போனேன். பஸ்ஸைக் கொள்ளிடக் கரைமேல் ஏற்றி நிறுத்திவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம். மாலையே திரும்புவதாகத்தான் நினைப்பு. நாங்கள் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் கரைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் இருந்த ரோட்டின்மேல் தண்ணீர் ஏறிவிட்டது. பள்ளிக்கூடத்திலேயே தங்க வேண்டியதாயிற்று. என் கைப்பேசியில் சிக்னல் இல்லை.

அந்த இடத்தில் யாராலும் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. ஆண்கள் தண்ணீர் எவ்வளவு வடிந்திருக்கிறது என்று படிக்கட்டுக்கும் கொடிக்கம்பத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தார்கள். கட்டியிருந்த மாடுகள் கயிற்றை இழுத்துக் கத்தின. வீட்டைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கிளம்புகிறவரை நாலு பேர் பிடித்து உட்கார வைப்பார்கள், பிடித்து வைத்தவரே அடுத்துக் கிளம்புவார். அரசு மருத்துவக் குழு படகில் வந்து, பேதி கண்டவர்களைப் பார்த்து, உப்புச் சர்க்கரைப் பொட்டலமும் தண்ணீரில் போடும் மாத்திரையும் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனது. மிச்சம் இருந்தவர்கள் என் பங்கு. பசியில்லை, வயிறு உப்பிசம், உடம்பு கனம், நாக்கில் வெள்ளை. பினாங்கில் படித்தது அப்படியே வரிசையில் வந்து நின்றது. பள்ளி வராந்தாவின் ஒரு கோடியில் அடுப்பு மூட்டி, சத்துணவுக்கூடத்து அண்டாவில் கஷாயம் காய்ச்சினேன். காய்ந்த விறகு கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. கிடைத்ததையெல்லாம் வராந்தா ஓரமாக நனையாமல் அடுக்கி வைத்தார்கள். மறுநாளே பலர் சாப்பிட ஆரம்பித்தார்கள். சகாயத்துக்கே அன்றைக்குக் காலையில் வயிறு முறுக்கி, கஷாயம் குடித்த பிறகு விட்டது. அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? அண்டாவைச் சுற்றி எப்போதும் கூட்டம்.

சகாயத்தின் மனைவி ஸ்டெல்லா மட்டும் கஷாயம் கேட்டு வரவில்லை. அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள். நர்சரிப் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டே ஆசிரியர் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் அல்லாடிக்கொண்டிருந்த இடத்தில் அவள் பிள்ளைகளை வராந்தாவில் வட்டமாக உட்காரவைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். சாயங்காலம் பொட்டலச் சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். "எனக்குக் கல்லக் குடுத்தாலும் செரிக்கும் டாக்டர்" என்று என்னிடம் சொன்னாள்.

மறுநாள் பொழுது விடிந்து, நான் முதல் அண்டாவை இறக்கிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லாவின் மாமியார் டம்ளரோடு வந்தார்.

"டாக்டரம்மா, மருமவளுக்கு வயிறு ரொம்ப முறுக்குதாம். ரெண்டு வாட்டி வாந்தி எடுத்துட்டா. கொஞ்சம் ஜாஸ்தியா ஊத்துங்க."

ஊற்றிக் கொடுத்தேன். அந்த அம்மா நடந்து போனார். அடுத்தவருக்கு ஊற்றக் கரண்டியை எடுத்தேன், கை ஓடவில்லை. மற்ற எல்லோருக்கும் மந்தம் மெல்ல மெல்லத்தான் ஏறியிருந்தது. இவள் முந்தின மாலை நன்றாகச் சாப்பிட்டு, பாடிக்கொண்டிருந்தவள். ஈரம் அப்படி ஒரே ராத்திரியில் வந்து ஆளைச் சாய்க்காது. கரண்டியைப் பக்கத்தில் இருந்தவர் கையில் கொடுத்துவிட்டு மாமியாரின் பின்னாலேயே போனேன்.

வராந்தாவின் அடுத்த பக்கத்தில் ஸ்டெல்லா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் பாதி மூடியிருந்தது.

"ராத்திரி தூக்கமே இல்ல போல. கண்ணு சொக்குது பாருங்க" என்றபடி மாமியார் டம்ளரை அவள் வாயில் வைத்தார். வாயோரமாகக் கஷாயம் வழிந்தது. ஸ்டெல்லா கையால் டம்ளரைத் தள்ளப் பார்த்தாள்.

"டாக்டர்... தொண்டைல... எறங்கல" என்றாள். குரல் மூக்கு வழியாக வந்தது.

டம்ளரைப் பிடுங்கினேன். பாதி என் சேலையில் கொட்டியது. மாமியார் முகம் சுருங்கிவிட்டது. ஏதோ அவமானப்படுத்திவிட்டதுபோல் பார்த்தார். அப்போது அதற்கெல்லாம் பதில் சொல்ல நேரமில்லை.

"ஸ்டெல்லா, மேல பாரு. என் வெரலப் பாரு."

அவள் முயன்றாள். நெற்றி சுருங்கியது, இமை மேலே போகவில்லை. நாக்கை நீட்டச் சொன்னேன். பல்லைத் தாண்டி நுனி மட்டும்தான் வந்தது. அந்த நாக்கு சுத்தமாக இருந்தது, வெள்ளைப் படிவே இல்லை. சீன வைத்தியம் அன்றைக்கு எனக்கு உதவியது அந்த ஓர் இடத்தில்தான். இது ஈரம் இல்லை என்று அது சொல்லிவிட்டது. அப்படியானால் என்ன என்பதைச் சொன்னது வேறொரு பாடம். சித்த மருத்துவக் கல்லூரியில் நஞ்சைப் பற்றிய வகுப்பில் படித்தது. கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். பெரும்பாலும் வலிக்காது, வீங்காது, தடமும் கண்ணுக்குத் தெரியாமல் போகும். விடியும்போது வயிற்றுவலியும் வாந்தியுமாக எழுந்திருப்பார்கள். அப்புறம் இமை சரியும், தொண்டை அடைக்கும், கடைசியில் மூச்சுத் தசை நின்றுபோகும்.

"எங்க படுத்திருந்தா?" என்று மாமியாரிடம் கேட்டேன்.

அவர் கையைக் காட்டினார். விறகு அடுக்கியிருந்த ஓரம். தரை அங்கேதான் காய்ந்திருந்ததாம்.

காலிலிருந்து கழுத்து வரை தேடினேன். கொசு கடித்து அவளே சொறிந்த கீறல்கள் நிறைய இருந்தன. பல் பட்ட தடம் என்று கையை வைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

சகாயத்தையும், ஊரில் எல்லோரும் பேச்சுக்குக் கட்டுப்படுகிற தனபாலையும் ஓரமாகக் கூப்பிட்டேன். தனபால் நிலம் வைத்து விவசாயம் செய்கிறவர். அங்கே மேட்டில் நின்ற ஒரே டிராக்டர் அவருடையது. விஷயத்தைச் சொன்னேன்.

"பாம்பா? எங்க கடிச்சிருக்கு? தடத்தக் காட்டுங்க" என்றான் சகாயம்.

"தடம் இல்ல."

"அப்ப எப்பிடி டாக்டர் சொல்றீங்க?"

தனபால் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மா, பாம்புன்னு ஒரு வார்த்த வெளிய போச்சுன்னா இத்தன சனமும் தண்ணில எறங்கிரும். புள்ளகுட்டிங்க இருக்கு. நல்லாத் தெரிஞ்சாச் சொல்லுங்க. தெரியலன்னா பொறுங்க."

நல்லாத் தெரியுமா? தெரியாது. அதுதான் உண்மை.

சகாயம் என் கையைப் பிடித்துக்கொள்ளாத குறையாகக் கெஞ்சினான். "நேத்து எனக்கும் இப்பிடித்தான் டாக்டர் முறுக்குச்சு. உங்க கஷாயம் குடிச்சேன், போயிடுச்சு. அவளுக்கும் குடுத்துப் பாப்போம். ஒரு மணி நேரம் பாப்போம். அதுக்கும் கேக்கலன்னா கொண்டு போவோம்."

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். எதிரே நின்றவன் என்மேல் நம்பிக்கை இல்லாதவன் அல்ல. என் மருந்தின்மேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வைத்தவன். அந்த நம்பிக்கையை வளர்த்தவளும் நான்தான். நம்மை நம்பாதவரிடம் பேசிவிடலாம். நம் மருந்தை நம்பி, அதைக் கொடுங்கள் என்று கேட்கிறவரிடம் முடியாது என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கொடுத்திருந்தால் எல்லோருக்கும் சமாதானமாகியிருக்கும். விழுங்க முடியாதவளுக்கு அது மூச்சுக்குழலில் இறங்கியிருக்கும். அதை விடுங்கள், அந்த ஒரு மணி நேரம் போயிருக்கும்.

நான் தவறாக நினைத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். வெறும் வயிற்றுவலிக்காரியை வெள்ளத்தில் இழுத்துப் போனேன் என்று ஏசுவார்கள், சைனா டாக்டர் பெயர் நாறும். தண்ணீரின் இழுப்பு அதிகமாக இருந்தால் அதைவிட மோசமாகவும் ஆகலாம். நான் சரியாக நினைத்து, இங்கேயே உட்கார்ந்திருந்தால்? அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை.

"சகாயம், என் கஷாயத்த நம்புற இல்ல? அதக் காய்ச்சுனவ சொல்றேன். இது அதுக்குக் கேக்குற நோவு கெடையாது. இவ மூச்சு நின்னுடும். இப்பவே கெளம்பணும்."

அவன் ஸ்டெல்லாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதற்கப்புறம் அவன் கேள்வி கேட்கவில்லை.

தனபாலிடம், நாங்கள் போன பிறகு விறகுப் பக்கம் யாரையும் விடாமல், அடுப்பை இடம் மாற்றுகிறோம் என்று சொல்லி, நீளக் கழியால் விறகைக் கலைத்துப் பார்க்க ஆள் வைக்கச் சொன்னேன். பாம்பு என்று சொல்ல வேண்டாம் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, தன் தம்பியிடம் காதோடு சொன்னார். டிராக்டரை அவரே எடுத்தார்.

டிராக்டர் பெட்டியில் வைக்கோலைப் பரப்பி, ஸ்டெல்லாவை ஒருக்களித்துப் படுக்கவைத்தோம். மாமியாரும் ஏறிக்கொண்டார். ரோடு எங்கே முடிகிறது, வாய்க்கால் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் எல்லாம் ஒரே பழுப்புத் தண்ணீராக இருந்தது.

"மச்சான், நீ முன்னால நட. ரோடு எங்கன்னு உன் காலுக்குத்தான் தெரியும்" என்றார் தனபால்.

சகாயம் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி முன்னால் நடந்தான். தினமும் பஸ் ஓட்டிய ரோடு. வளைவு வந்ததும் கையைத் தூக்குவான், டிராக்டர் திரும்பும். ஓரிடத்தில் வாய்க்கால் மதகு பக்கம் தண்ணீர் இழுத்ததில் அவன் தடுமாறி விழுந்தான். மாமியார் "ஆண்டவரே" என்று அலறினார். எழுந்து, வாயில் போன தண்ணீரைத் துப்பிவிட்டு மறுபடி கையைத் தூக்கினான். தனபால் வண்டியை நிறுத்தவே இல்லை. நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்று அவருக்குத் தெரியும். நான் ஸ்டெல்லாவின் வாயில் சேர்ந்த எச்சிலைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவளால் அதைக்கூட விழுங்க முடியவில்லை.

கரை ஏறியதும் மினி பஸ்ஸுக்கு மாற்றினோம். சீட்டில் படுக்கவைக்க இடமில்லை, நடுவில் தரையில்தான் கிடத்தினோம். போகும் வழியில் ஆரம்ப சுகாதார நிலையம். ஓடிப் போய்க் கதவைத் தட்டினேன். நர்ஸ் ஒருவர் வந்தார், சுமதி என்று பெயர். கட்டுவிரியன் கடியாக இருக்கலாம் என்றேன். பஸ்ஸுக்குள் ஏறி, ஸ்டெல்லாவின் இமையைத் தூக்கிப் பார்த்தார், மார்பைப் பார்த்தார்.

"டாக்டர் போட்ல கேம்ப்புக்குப் போயிருக்காரு மேடம். விஷமுறிவு மருந்தும் அவரு கையிலதான் இருக்கு. இப்ப வந்துருவாருன்னு நெனைக்கிறேன். இங்கயே வெச்சிருக்கலாமா?"

மறுபடியும் அதே கேள்வி, வேறு உருவத்தில். காத்திருக்கலாமா? மருந்து படகில் எங்கேயோ இருந்தது. அது வந்தாலும் மூச்சு நின்றால் சுவாசிக்க வைக்கும் இயந்திரம் இங்கே இல்லை, சிதம்பரத்தில்தான் இருந்தது.

"முடியாதும்மா. மூச்சு குடுக்குற பை இருக்கா?"

சுமதி உள்ளே ஓடினார். கையால் அமுக்கிக் காற்று செலுத்துகிற ரப்பர் பையோடு வந்தார். நான் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. திரும்பிப் பார்த்து இன்னொரு நர்ஸிடம், "நான் கூடப் போறேன், நீ பாத்துக்க" என்று கத்திவிட்டு பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் அன்றைக்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பிறகு அதற்கு விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்ததா என்று எனக்குத் தெரியாது.

சிதம்பரத்துக்குப் பாதி வழி இருக்கும்போது ஸ்டெல்லாவின் மார்பு ஏறி இறங்குவது நின்றது. சுமதி பையை அமுக்க ஆரம்பித்தார். நான் தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்து, முகமூடியை அழுத்திக்கொண்டேன். ரோடு முழுக்கப் பள்ளம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் முகமூடி விலகும், மறுபடி அழுத்துவேன். ஸ்டெல்லாவின் கை கால் எல்லாம் துணிபோல் கிடந்தன. முகத்தில் எந்த அசைவும் இல்லை. இமையைத் தூக்கினால் கண் அப்படியே நின்றது.

மாமியார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"போயிட்டாளா?"

பஸ் வேகம் குறைந்தது. சகாயத்தின் கால் தானாகவே பிரேக்குக்குப் போயிருந்தது. அவன் திரும்பவில்லை. கண்ணாடியில் அவன் கண் மட்டும் எனக்குத் தெரிந்தது.

நான் ஒரு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். "இல்ல. இருக்கா. நீ ஓட்டு" என்றேன்.

பஸ் மறுபடி வேகமெடுத்தது.

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் கொண்டுவரும் வரைக்கும் சுமதி பையை விடவில்லை. உள்ளே போனதும் குழாய் போட்டு இயந்திரத்தில் இணைத்தார்கள், விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். சுமதி நடைபாதைத் தரையில் உட்கார்ந்து, விறைத்துப்போன விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நீட்டிக்கொண்டிருந்தார். எனக்கு உட்கார முடியவில்லை. அந்த நடைபாதையில் எத்தனை முறை போய் வந்தேனோ தெரியாது. சகாயம் சுவரைப் பார்த்து நின்றான். மாமியார் ஜெபம் செய்தார். நடுவில் ஒருமுறை என்னிடம் வந்து, கஷாயக் கறை பட்ட என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "நான் குடுத்திருந்தா என்னா ஆயிருக்கும்மா?" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிழைத்துவிட்டாள். பல நாள் இயந்திரத்தில் இருந்தாள். முதலில் புருவம் அசைந்தது, பிறகு விரல், பிறகு கண். தானாக மூச்சு விட்ட அன்றைக்கு சகாயம் ஆஸ்பத்திரி வாசலில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தானாம்.

நான் மறுநாளே பள்ளிக்கூட முகாமுக்குத் திரும்பினேன். விறகுக்குள் கறுப்பு உடம்பில் வெள்ளை வளையம் போட்ட பாம்பு இருந்ததைத் தனபாலின் தம்பி சொன்னார். அதற்குள் விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தண்ணீரில் யாரும் இறங்கவில்லை. மேஜை பெஞ்சுகளை ஒன்றாகச் சேர்த்துப் போட்டு அதன்மேல் படுக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். அண்டா முன்னால் மறுபடியும் கூட்டம் நின்றது. நான் ஒவ்வொருவரையும் மேலே பார்க்கச் சொல்லி, நாக்கை நீட்டச் சொல்லி, எச்சில் விழுங்கச் சொல்லி, பிறகுதான் டம்ளரைக் கொடுத்தேன். "சைனா டாக்டரு கண் டாக்டராயிட்டாங்கடா" என்று ஒருவர் சொல்லக் கூட்டமே சிரித்தது. சிரிக்கட்டும். கிளினிக்கை மூடும் வரைக்கும் அந்த வழக்கத்தை நான் விடவில்லை. நீங்களும் விட வேண்டாம் என்கிறேன். நம் வைத்தியத்தின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் எல்லா வயிறும் ஈரமாகத்தான் தெரியும். ஒரு நிமிஷமாவது அதைக் கழற்றி வைத்துவிட்டு ஆளைப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த மருந்துக்குள் அடங்காத நோயைப் பற்றியும் படித்து வையுங்கள். அதை நீங்கள் குணமாக்க வேண்டியதில்லை. எங்கே கொண்டுபோக வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

சில வருஷங்கள் கழித்து ஸ்டெல்லாவுக்குக் கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை கிடைத்தது. ஒரு சனிக்கிழமை என் கிளினிக்குக்கு வந்தாள். வயிறு உப்பிசம், பசியில்லை, சாயங்காலம் ஆனால் உடம்பு கனக்கிறது. மேலே பார்க்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னேன். வெள்ளையாக, தடிப்பாகப் படிந்திருந்தது. அப்பழுக்கில்லாத மந்தம். மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே விழுங்கிவிட்டு அடுத்த வகுப்புக்கு ஓடுகிற வாத்தியார் மந்தம். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கஷாயச் சரக்கை நானே பொட்டலம் கட்டினேன்.

கட்டிக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள்.

"டாக்டர், அன்னிக்கு பஸ்ல எனக்கு எல்லாம் கேட்டுச்சு. தெரியுமா?"

என் கை நின்றுவிட்டது. அந்த விஷம் தசையைத்தான் கட்டும், அறிவைக் கட்டாது என்று நான் படித்திருந்தேன். பஸ்ஸில் அது என் நினைவிலேயே இல்லை.

"அத்த கேட்டாங்கல்ல, போயிட்டாளான்னு. இல்ல, இருக்கேன்னு சொல்லணும்னு பாத்தேன். ஒரு வெரல் அசையல. கண்ணு தொறக்கல. ஒருவேள உண்மையிலயே செத்துதான் போயிட்டேனோ, செத்தா இப்பிடித்தான் இருக்குமோன்னு நெனச்சேன். அப்ப நீங்க, இல்ல, இருக்கான்னீங்க. அதுக்கப்புறந்தான் நானே நம்புனேன் டாக்டர், இருக்கேன்னு."

பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தேன். சூடாகக் குடி, உட்கார்ந்து சாப்பிடு என்று என்னென்னவோ சொல்லி அனுப்பினேன்.

பஸ் அந்த மாதிரி குலுங்கும்போது நாடி எதுவும் பிடிபடாது. எத்தனையோ வருஷம் நாடி பார்த்த விரல்தான், ஆனால் அவள் மணிக்கட்டில் எனக்குக் கிடைத்தது இன்ஜின் அதிர்வு மட்டுமே. அவள் இருக்கிறாளா இல்லையா என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரியாது. பஸ் நிற்கக் கூடாது, சுமதியின் கை நிற்கக் கூடாது, அது மட்டும்தான் தெரிந்தது. ஸ்டெல்லாவிடம் இதை நான் இன்றுவரைக்கும் சொன்னதில்லை. நீங்கள் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறீர்கள், அதனால் உங்களிடம் சொல்கிறேன்.